உதவித்தொகை விண்ணப்பங்களை மதிப்பிடும் தன்னார்வலர்கள்: கடைப்பிடிக்க வேண்டிய அறநெறிகள்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்த சில நாட்களிலேயே அம்பேத்கர் படிப்பு வட்டங்கள், பட்டியல் சாதி அரசு ஊழியர் சங்கங்கள், முன்னாள் மாணவர் அமைப்புகள், சிறிய அறக்கட்டளைகள் ஆகியவற்றுக்குக் கல்வி உதவித்தொகை கோரும் விண்ணப்பங்கள் வந்து குவிகின்றன. அவற்றைப் படித்து, மதிப்பெண் இட்டு, யாருக்கு வழங்கலாம் எனப் பரிந்துரைப்பவர்கள் பெரும்பாலும் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், வழக்கறிஞர்கள், ஆய்வு மாணவர்கள், ஒரு காலத்தில் அதே உதவித்தொகையைப் பெற்றுப் படித்தவர்கள் ஆகியோர் இப்பணியைச் செய்கிறார்கள். நல்ல நோக்கத்துடன் வருபவர்களுக்கு நடத்தை விதி எதற்கு என்ற எண்ணம் நம் அமைப்புகளில் பரவலாக உள்ளது. ஆனால் ஒரு விண்ணப்பத்தின் மீது இடப்படும் மதிப்பெண், ஒரு முதல் தலைமுறைப் பட்டதாரி கல்லூரிக்குள் நுழைவதையோ பின்னலாடை ஆலைக்கு வேலைக்குப் போவதையோ தீர்மானிக்கக் கூடும். அத்தகைய அதிகாரம் கையில் இருக்கும்போது நல்லெண்ணம் மட்டும் போதுமான காப்பு ஆகாது. அந்த அதிகாரத்தை எவ்வாறு நேர்மையாகக் கையாள்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அரசு உதவித்தொகை இருக்கும்போது தனியார் அமைப்புகளின் சிறு தொகைக்கு இவ்வளவு முக்கியத்துவம் உண்டா என்று சிலர் கேட்கலாம். பட்டியல் சாதி மாணவர்களுக்கான மெட்ரிக் பிந்தைய கல்வி உதவித்தொகைத் திட்டம் 1944 முதல் நடைமுறையில் உள்ளது. குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். ஒன்றிய அரசும் மாநில அரசும் 60:40 என்ற விகிதத்தில் செலவைப் பகிர்வது என 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை முடிவு செய்தது. எனினும் கல்லூரி கட்டணம் கேட்கும் நாளுக்கும் அரசுப் பணம் மாணவர் கணக்கில் சேரும் நாளுக்கும் இடையில் மாதக்கணக்கில் இடைவெளி விழுகிறது. விடுதி முன்பணம், பேருந்துச் செலவு, மடிக்கணினி, தேர்வுக் கட்டணம் போன்றவை அந்த இடைவெளியில்தான் நெருக்குகின்றன. சிறு அமைப்புகளின் உதவி அங்கேதான் பயன்படுகிறது. தொகை சிறியதாயினும் அது வந்து சேரும் தருணம் பெரியது.

வழங்குபவர், பெறுபவர், நிபந்தனை

உதவித்தொகையின் அறத்தைப் பேசும்போது அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையிலிருந்து தொடங்குவது பொருத்தமானது. 1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் 11.5 பவுண்டு வீதம் மூன்றாண்டுகளுக்கு வழங்கிய உதவித்தொகையே அவரைக் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குக் கொண்டு சேர்த்தது. அதற்கு ஈடாகப் படிப்பு முடிந்ததும் பரோடா அரசில் 10 ஆண்டுகள் பணியாற்ற வேண்டும் என்ற ஒப்பந்தம் இருந்தது. உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டதால் இலண்டனில் தொடங்கிய படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு 1917இல் அவர் திரும்ப நேர்ந்தது. பரோடாவில் பணி கிடைத்தது. தங்குவதற்கு வீடு கிடைக்கவில்லை. அடையாளத்தை மறைத்துத் தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்தும் அவர் விரட்டப்பட்டார்.

இந்த வரலாற்றிலிருந்து மதிப்பீட்டாளர்கள் கற்க வேண்டியவை இரண்டு. முதலாவது, தகுதியுள்ள ஒருவருக்கு உரிய நேரத்தில் சென்று சேரும் தொகை வரலாற்றையே திருப்பக் கூடியது. இரண்டாவது, பணத்தைக் கொடுத்துவிட்டு அதைப் பெறுபவரின் வாழ்நிலையைக் கணக்கில் எடுக்காத நிபந்தனைகளை விதித்தால் அந்த உதவியே சுமையாக மாறும். பிற்காலத்தில் வைஸ்ராயின் நிர்வாக சபையில் இடம்பெற்ற அம்பேத்கர், ஒடுக்கப்பட்ட மாணவர்களின் உயர்கல்விக்கான நிதியை அரசின் கடமையாக முன்வைத்தே கோரினார். மன்னரின் பெருந்தன்மையால் படித்தவர், அடுத்த தலைமுறையின் படிப்பு எவருடைய பெருந்தன்மையையும் நம்பியிருக்கக் கூடாது எனக் கருதினார். நம் அமைப்புகள் வழங்கும் தொகையையும் இதே கண்ணோட்டத்தில்தான் பார்க்க வேண்டும். சமூகம் சேர்த்த பணம் அது. மதிப்பீட்டாளர் அதன் உடைமையாளர் அல்லர், பொறுப்பாளர் மட்டுமே.

சார்பு எல்லோரிடமும் உண்டு

சாதியத்தை எதிர்ப்பவர்களுக்குச் சாதிச் சார்பு இருக்காது என்பது ஆறுதலான நம்பிக்கை. ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை.

சுகதேவ் தோரட், பால் அட்டவெல் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதிகள் கொண்ட வேலை விண்ணப்பங்கள் வெவ்வேறு குடும்பப் பெயர்களுடன் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டன. ஆதிக்கச் சாதிப் பெயர் கொண்டவர்களோடு ஒப்பிடுகையில், தலித் பெயர் கொண்டவர்கள் அடுத்த கட்டத்துக்கு அழைக்கப்படும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகவும், இசுலாமியப் பெயர் கொண்டவர்களின் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்காகவும் இருந்தன. இது பலரும் எதிர்பார்க்கும் முடிவுதான்.

எதிர்பாராத முடிவு வேறோர் ஆய்வில் கிடைத்தது. ரேமா ஹன்னா, லீ லிண்டன் ஆகியோர் இந்தியாவில் ஆசிரியர்களைக் கொண்டு விடைத்தாள்களைத் திருத்தச் செய்தனர். முகப்புத் தாளில் மாணவரின் வயது, பாலினம், சாதி ஆகியவை குலுக்கல் முறையில் இடப்பட்டிருந்தன. எனவே அவற்றுக்கும் விடைகளின் தரத்துக்கும் தொடர்பே இல்லை. அப்படியிருந்தும் தாழ்த்தப்பட்ட சாதியினருடையவை எனக் குறிக்கப்பட்ட தாள்களுக்குச் சற்றுக் குறைவாகவே மதிப்பெண் கிடைத்தது. வேறுபாடு சிறியது: திட்ட விலக்கத்தில் 0.03 முதல் 0.08 வரை. ஆனால் இந்தச் சார்பு ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த ஆசிரியர்களிடமே காணப்பட்டதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். திருத்தும் பணியின் தொடக்கத்தில், அதாவது அளவுகோல் மனத்தில் உறுதிப்படாத நிலையில், சார்பு மிகுதியாக வெளிப்பட்டது என்பதும் கவனிக்கத்தக்கது.

இதைக் கொண்டு நம்மை நாமே தூற்றிக்கொள்ள வேண்டியதில்லை. நூற்றாண்டுகளாக நமக்குள் ஏற்றப்பட்ட ‘நம் பிள்ளைகளால் இவ்வளவுதான் முடியும்’ என்ற மதிப்பீடு, நாம் அறியாமலே நம் பேனாவை வழிநடத்தக் கூடும் என்பதே இதன் பொருள். இதற்கு நடைமுறையில் எளிய தீர்வுகள் உண்டு. மதிப்பீடு தொடங்கும் முன் குழுவினர் அனைவரும் அதே ஐந்து விண்ணப்பங்களுக்குத் தனித்தனியே மதிப்பெண் இட்டு, வேறுபாடுகளைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் இருவர் ஒருவருக்கொருவர் தெரியாமல் மதிப்பிடலாம். முழுக்கட்டையும் முடித்தபின் முதல் பத்து விண்ணப்பங்களை மீண்டும் ஒருமுறை படிக்கலாம். பெயர், ஊர், பள்ளி ஆகியவற்றை முதல் கட்ட மதிப்பீட்டாளரிடமிருந்து மறைத்து, எண் மட்டும் இட்டுக் கொடுப்பது சிறு அமைப்புகளாலும் இயலக் கூடியதே.

தெரிந்தவர் பிள்ளையும் விலகி நிற்கும் கடமையும்

நம் இயக்கங்களில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். விண்ணப்பதாரரின் தந்தை போராட்டத்தில் உடன் நின்றவராக இருப்பார். அத்தை பெண் கொடுத்த ஊர்க்காரராக இருப்பார். இந்த நெருக்கம் நம் வலிமை. ஆனால் மதிப்பீட்டு மேசையில் அதுவே பிறருடைய வாய்ப்பைப் பறிக்கும்.

விதி தெளிவாக இருக்க வேண்டும். உறவினர், அண்டை வீட்டார், நேரடி மாணவர், ஒரே கட்சியிலோ அமைப்பிலோ இணைந்து பணியாற்றுபவரின் பிள்ளை, கடன் கொடுத்தவர் அல்லது வாங்கியவரின் பிள்ளை ஆகியோரின் விண்ணப்பம் வந்தால் அதை எழுத்தில் அறிவித்துவிட்டு மதிப்பீட்டாளர் விலக வேண்டும். மதிப்பெண் இடாமல் இருப்பது மட்டும் விலகல் ஆகாது. அந்த விண்ணப்பம் குறித்துக் குழு பேசும்போது அறையை விட்டு வெளியேறுவதும், பிற உறுப்பினர்களிடம் தனியே ஒரு சொல் சொல்லாதிருப்பதும் அதில் அடங்கும். ‘எனக்குத் தெரிந்த பையன், நல்ல குடும்பம்’ என்று தேநீர்க் கடையில் சொல்லும் ஒரு வரி, குழுவில் இடும் பத்து மதிப்பெண்ணுக்குச் சமம்.

எதிர்த்திசைச் சார்பும் உண்டு. பகையோ கட்சி வேறுபாடோ உள்ள குடும்பத்தின் பிள்ளையையும் மதிப்பிடக் கூடாது. சிலர் தம் நேர்மையை நிரூபிப்பதற்காகவே தெரிந்தவர் பிள்ளைக்குக் குறைத்து மதிப்பெண் இடுவர். அதுவும் அநீதியே, அந்த மாணவர் செய்த பிழை எதுவும் அதில் இல்லை. விலகுவதே இரு தரப்புக்கும் நியாயம்.

ஒரே அளவுகோல், முன்னரே எழுதப்பட்ட அளவுகோல்

பொருளாதாரத் தேவைக்கு 40, கல்விக்கு 30, கடந்து வந்த தடைகளுக்கு 20, விண்ணப்பக் கடிதத்துக்கு 10 என ஒரு குழு முடிவு செய்திருப்பதாகக் கொள்வோம். ஒரு மாணவி தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளியில் படித்து 600க்கு 542 பெற்றிருக்கிறார். இன்னொரு மாணவி ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் படித்து, வார இறுதிகளில் வேலைக்குச் சென்றுகொண்டே 431 பெற்றிருக்கிறார். 431ஐ 542ஐவிட உயர்வாக மதிக்க வேண்டும் என ஒரு தன்னார்வலர் கருதலாம். அக்கருத்துக்கு வலுவான நியாயமும் உண்டு. ஆனால் அவர் அதைக் கல்விக்கான 30 மதிப்பெண்ணில் நுழைக்கக் கூடாது. தடைகளுக்கான 20 அதற்காகத்தான் உள்ளது. அது போதாது என்று தோன்றினால் அடுத்த ஆண்டு அளவுகோலை மாற்றும்படி குழுவில் வாதிட வேண்டும். மதிப்பீட்டின் நடுவில் ஒருவர் தனக்கென ஓர் அளவுகோலை உருவாக்கிக்கொண்டால், அவர் கைக்கு வந்த விண்ணப்பங்களும் மற்றவர் கைக்குப் போனவையும் வெவ்வேறு நீதிமன்றங்களில் விசாரிக்கப்பட்டவை ஆகிவிடும்.

கடிதத்தின் மொழி குறித்துத் தனியே எச்சரிக்கை தேவை. ஆங்கிலத்தில் சரளமாக எழுதப்பட்ட கடிதம் அறிவின் அடையாளமாகவும், எழுத்துப் பிழையுள்ள தமிழ்க் கடிதம் அக்கறையின்மையின் அடையாளமாகவும் நம் கண்ணுக்குப் படுகின்றன. பெரும்பாலும் அவை காட்டுவது பள்ளியின் கட்டணத்தை மட்டுமே. கடிதத்தை எழுதிக் கொடுக்க வீட்டில் ஆள் உள்ளவர், கணினி மையத்தில் பணம் கொடுத்து எழுதி வாங்கியவர், செயற்கை நுண்ணறிவுச் செயலியைப் பயன்படுத்தத் தெரிந்தவர் ஆகியோரிடமிருந்து நேர்த்தியான கடிதம் வரும். என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்பதற்கே மதிப்பெண். எப்படி அலங்கரிக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு அன்று.

சான்றிதழ்: ஐயமும் அதிகார எல்லையும்

வருமானச் சான்றிதழில் 72,000 ரூபாய் என்று உள்ளது. வீட்டு முகவரியோ மாடி வீட்டைக் காட்டுகிறது. இத்தகைய முரண்கள் வருவதுண்டு. தன்னார்வலர் புலனாய்வு அதிகாரி அல்லர். அவர் செய்ய வேண்டியது மூன்று. ஐயத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். அதைக் குழுவின் பொறுப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும். விளக்கம் அளிக்க விண்ணப்பதாரருக்கு வாய்ப்பு வழங்கப்படுவதை உறுதி செய்ய வேண்டும். மாடி வீடு அரசுத் தொகுப்பு வீட்டின் மேல் கடன் வாங்கிக் கட்டியதாக இருக்கலாம். வாடகை அறையாகவும் இருக்கலாம். ஊரில் விசாரிக்கிறேன் என்று கிளம்பினால், ஒரு குடும்பம் உதவி கேட்டது என்னும் செய்தியை ஆதிக்கச் சாதித் தெரு வரைக்கும் நாமே கொண்டு சேர்த்துவிடுவோம்.

சாதிச் சான்றிதழ் குறித்த ஐயம் இன்னும் நுட்பமானது. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியரும் பழங்குடியினருக்குக் கோட்டாட்சியரும் சான்றிதழ் வழங்குகின்றனர். சான்றிதழின் உண்மைத் தன்மையைச் சரிபார்க்கும் குழுக்களும் நடைமுறையும் உச்ச நீதிமன்றத்தின் 1994ஆம் ஆண்டு குமாரி மாதுரி பாட்டீல் வழக்குத் தீர்ப்பைத் தொடர்ந்து உருவானவை. முகத்தையும் பெயரையும் பார்த்து ‘இவர் நம்மவர் போலத் தெரியவில்லை’ என்று தீர்ப்பளிக்கும் உரிமை எந்தத் தன்னார்வலருக்கும் இல்லை. அது சாதியம் கற்றுக்கொடுத்த பார்வை.

சான்றிதழ் இல்லாமை வேறு, தகுதி இல்லாமை வேறு என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். இருளர், காட்டுநாயக்கர் போன்ற பழங்குடிக் குடும்பங்களின் பிள்ளைகளும் புதிரை வண்ணார் குடும்பங்களின் பிள்ளைகளும் சாதிச் சான்றிதழுக்காக ஆண்டுக்கணக்கில் அலைவதை இயக்கத் தோழர்கள் நன்கறிவர். மிகவும் ஒடுக்கப்பட்டவர்களிடமே ஆவணங்கள் மிகக் குறைவாக இருக்கும். ‘ஆவணம் முழுமையில்லை, நிராகரிக்கப்பட்டது’ என்று எழுதும் முன், காலக்கெடுவை நீட்டிக்கவோ மாற்று ஆவணத்தை ஏற்கவோ விதியில் இடம் உண்டா எனப் பார்ப்பது மதிப்பீட்டாளரின் கடமை. இடம் இல்லையெனில், அந்த விதியை மாற்றக் கோருவதும் அவருடைய கடமையே.

மதம் மாறியவர்கள் குறித்தும் தெளிவு வேண்டும். 1950ஆம் ஆண்டின் அரசமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணை, 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்டது; தலித் கிறித்தவர்களும் தலித் இசுலாமியர்களும் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டுள்ளனர். எனவே கிறித்தவரான ஆதிதிராவிடர் மாணவரிடம் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழே இருக்கும். அதைக் கண்டு ‘பொய் சொல்கிறார்’ என்று முடிவு கட்டுவது அறியாமை. அவரைத் தன் திட்டத்தில் சேர்ப்பதா என்பதை ஒவ்வோர் அமைப்பும் விண்ணப்ப அறிவிப்பிலேயே தெளிவாக எழுதிவிட வேண்டும்.

வறுமையை நடித்துக் காட்டச் சொல்லாதீர்கள்

நேர்காணல் என்பது மாணவரை அறிந்துகொள்ளும் வாய்ப்பு. பல இடங்களில் அது துயரத்தின் ஏலமாக மாறிவிடுகிறது. யார் அதிகம் அழுதார்களோ அவர்களுக்கு அதிக மதிப்பெண் விழுகிறது. தன் துயரத்தை அந்நியர் முன் விரிக்க மறுக்கும் சுயமரியாதை கொண்ட மாணவர் தோற்றுப்போகிறார். சுயமரியாதையைப் போற்றும் இயக்கம் நடத்தும் நேர்காணலில் இப்படி நிகழ்வது பெரும் முரண்.

‘அப்பா குடிப்பாரா?’, ‘கல்யாணம் எப்போது செய்வார்கள்?’, ‘பொறியியல் எதற்கு, ஐடிஐ போதாதா?’ போன்ற கேள்விகள் எந்த அளவுகோலுக்கும் உரியவை அல்ல. படிப்பு, செலவு, அடுத்த ஆண்டுத் திட்டம், என்ன உதவி தேவை ஆகியவை குறித்துக் கேட்டாலே போதும். எல்லாருக்கும் அதே கேள்விகள், அதே வரிசையில் கேட்கப்பட வேண்டும். மாணவரை ‘நீங்கள்’ என்று விளிக்க வேண்டும். வயது முதிர்ந்த தலித்துகளைக்கூட ஒருமையில் அழைக்கும் வழக்கத்துக்கு எதிராக நாம் நடத்திய போராட்டங்களின் நினைவு இன்னும் பசுமையாக உள்ளது. பதினேழு வயது மாணவரும் பெற்றோரும் நம் அறைக்குள் அதே ஒருமையைக் கேட்கக் கூடாது.

பிறர் முன்னிலையில் சாதியைக் கேட்பதன் விளைவு குறித்தும் சான்று உள்ளது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகியோர் உத்தரப் பிரதேசத்தில் பள்ளிச் சிறுவர்களுக்குப் புதிர்களைக் கொடுத்து நடத்திய சோதனையில், சாதி அறிவிக்கப்படாதபோது இரு தரப்புச் சிறுவர்களின் திறனும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. எல்லோர் முன்னிலையிலும் சாதி அறிவிக்கப்பட்டதும் ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களின் செயல்திறன் சரிந்தது. தில்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் நிலவிய பாகுபாட்டை ஆராய்ந்து 2007இல் அறிக்கை அளித்த தோரட் குழுவும், தேர்வுகளின்போது மாணவர்களின் சாதி நேரடியாகவோ மறைமுகமாகவோ கேட்கப்பட்டதைச் சுட்டிக்காட்டியது. சாதி விவரம் படிவத்தில் இருக்கிறது. நேர்காணலில் அதை மீண்டும் கேட்க எந்தத் தேவையும் இல்லை.

மறைகாப்பும் அதன் எல்லையும்

ஒரு விண்ணப்பத்தில் ஆதார் எண், வங்கிக் கணக்கு, கைப்பேசி எண், வீட்டு முகவரி, குடும்பத்தின் கடன், நோய், சில வேளைகளில் வன்கொடுமை வழக்கின் விவரம் வரை அடங்கியிருக்கும். இவற்றைப் புகைப்படமாக வாட்ஸ்அப் குழுவில் பகிர்வது நம்மிடையே மிக இயல்பாக நடக்கிறது. சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்ட பெற்றோரின் முகவரியோ, வழக்கில் சாட்சி சொல்ல உள்ள குடும்பத்தின் கைப்பேசி எண்ணோ தவறான கைக்குச் சென்றால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

இணையவழித் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. தெரிவிக்கப்பட்ட நோக்கத்துக்காக, ஒப்புதலுடன், தேவையான அளவு தரவை மட்டுமே பெற வேண்டும் என்பது அதன் சாரம். 18 வயது நிறையாதவரின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் தேவை. சட்டம் வற்புறுத்தும் முன்னரே நாம் செய்யக் கூடியவை பல. முழு ஆதார் நகலுக்குப் பதிலாகக் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் ஆதாரைக் கேட்கலாம். வங்கி விவரத்தைத் தேர்வு செய்யப்பட்டவரிடம் மட்டும், தேர்வுக்குப் பின் கேட்கலாம். மதிப்பீடு முடிந்ததும் தன்னார்வலர்கள் தம் கைப்பேசியிலும் கணினியிலும் உள்ள நகல்களை அழித்துவிட்டு, அழித்ததை எழுதித் தரலாம். விண்ணப்பங்களைச் சுருக்கித் தருமாறு செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் பதிவேற்றக் கூடாது.

மறைகாப்புக்கு ஓர் எல்லை உண்டு. 18 வயதுக்குட்பட்ட மாணவர் தன் கடிதத்தில் பாலியல் வன்முறையைக் குறிப்பிட்டிருந்தால், அதைப் படித்தவர் மௌனமாக இருக்கச் சட்டம் இடம் தரவில்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, அத்தகைய குற்றத்தை அறிந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்கத் தவறுவது 21ஆம் பிரிவின்கீழ் குற்றம். குழந்தைத் திருமண ஏற்பாடு குறித்து அறிய வந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் உள்ளது. தற்கொலை எண்ணம் வெளிப்பட்டால் 104, 14416 ஆகிய உதவி எண்கள் உள்ளன. இவற்றை யார், எப்படிக் கையாள்வது என்பதைக் குழு முன்கூட்டியே முடிவு செய்து, பொறுப்பாளர் ஒருவரை அமர்த்தியிருக்க வேண்டும். அத்தகைய வெளிப்பாடு மதிப்பெண்ணைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

நமக்குள் உள்ள படிநிலை

தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகள் பட்டியலில் 76 சமூகங்கள் உள்ளன. அவை ஒரே தளத்தில் நிற்பவை அல்ல. அருந்ததியர் சமூகத்தின் நீண்ட போராட்டத்தின் விளைவாக 2009இல் 18 விழுக்காட்டுக்குள் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. பட்டியல் சாதிகளுக்குள் உட்பிரிவு செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2024 ஆகஸ்ட் 1 அன்று பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. இத்தீர்ப்பின் மீது தலித் அறிவுலகில் மாறுபட்ட கருத்துகள் உள்ளன. ஆனால் ஓர் உதவித்தொகைக் குழுவில் எல்லா உறுப்பினர்களும் ஒரே உட்சாதியினராகவும், பயனாளிகளில் பெரும்பாலோர் அதே உட்சாதியினராகவும் இருந்தால் அதைத் தற்செயல் என்று கடந்துவிட முடியாது.

குழு அமைப்பில் பல்வேறு சமூகத்தினரும், பெண்களும், திருநரும், மாற்றுத் திறனாளிகளும் இடம்பெற வேண்டும். ஆண்டு முடிவில், பெயர்களைத் தவிர்த்து, எந்தச் சமூகத்திலிருந்து எத்தனை பேர் விண்ணப்பித்தனர், எத்தனை பேர் தேர்வாயினர் என்ற கணக்கை வெளியிட வேண்டும். துப்புரவுப் பணியாளர் குடியிருப்புகளிலிருந்து ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை என்றால், மதிப்பீடு எவ்வளவு நேர்மையாக நடந்திருப்பினும் அறிவிப்பு அங்கே போய்ச் சேரவில்லை என்று பொருள். ஆதிக்கச் சாதியினரிடம் நாம் கோரும் வெளிப்படைத்தன்மையை நமக்குள்ளும் கடைப்பிடித்தால்தான் அக்கோரிக்கைக்கு வலு கூடும்.

காலமும் மறுப்பும்

ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ரோகித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று இறந்தபோது, ஏழு மாத ஆய்வு உதவித்தொகை 1 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய் தனக்கு வர வேண்டியுள்ளதைத் தம் இறுதிக் கடிதத்தில் குறிப்பிட்டிருந்தார். நிறுவனங்களின் மொழியில் தாமதம் ஒரு நிர்வாகச் சிக்கல். மாணவரின் மொழியில் அது உணவகக் கடன், அறை வாடகை, அவமானம். ஊதியமின்றிச் செய்யும் பணிதானே என்று விண்ணப்பக் கட்டை மேசையில் மூன்று வாரம் வைத்திருக்க எவருக்கும் உரிமை இல்லை. நேரம் ஒதுக்க இயலாதவர் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நேர்மை.

மறுக்கப்பட்டவர்களுக்கும் பதில் தேவை. பெரும்பாலான அமைப்புகள் தேர்வானவர் பட்டியலை மட்டும் வெளியிட்டுவிட்டு மற்றவர்களைக் காத்திருக்க விடுகின்றன. தேர்வாகவில்லை என்பதையும், எந்த அளவுகோலில் குறைந்தது என்பதையும், மறுபரிசீலனை கோரும் வழியையும், வேறு எங்கே விண்ணப்பிக்கலாம் என்பதையும் நான்கு வரிகளில் தெரிவிக்கலாம். மறுபரிசீலனையை முதலில் மதிப்பிட்டவர் அல்லாத இன்னொருவர் செய்ய வேண்டும். ‘நிதி குறைவு, தகுதியுள்ளோர் மிகுதி’ என்பதே உண்மைக் காரணமானால் அதையே எழுத வேண்டும். தகுதியில்லை என்ற சொல்லை ஏற்கெனவே ஆயிரம் முறை கேட்ட சமூகம் இது.

கைம்மாறு கேளாமை

மதிப்பீட்டாளர் விண்ணப்பதாரரிடமிருந்து பணமோ பரிசோ பெறக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வேறு வகைக் கைம்மாறுகளே கவனத்துக்குத் தப்புகின்றன. மாநாட்டுக்குக் கொடி பிடிக்க வரச் சொல்வது, தேர்தல் வேலைக்கு அழைப்பது, வீட்டு வேலைக்குப் பயன்படுத்துவது, குறிப்பிட்ட தலைவருக்கு நன்றி சொல்லிக் காணொலி கேட்பது ஆகிய அனைத்தும் கைம்மாறே. இயக்கத்துக்கு மாணவர்கள் வர வேண்டும் என விரும்புவதில் தவறில்லை. கல்விக் கட்டணத்தைக் காட்டி வரவழைப்பது இயக்கம் அன்று; பண்ணையாள் முறையின் புது வடிவம்.

தனிப்பட்ட முறையில் தொடர்புகொள்வதற்கும் இது பொருந்தும். விண்ணப்பத்தில் கண்ட எண்ணுக்கு மதிப்பீட்டாளர் தம் சொந்தக் கைப்பேசியிலிருந்து இரவில் செய்தி அனுப்புவதையோ தனியே சந்திக்க அழைப்பதையோ எந்தக் காரணத்தாலும் அனுமதிக்கக் கூடாது. தொடர்பு அனைத்தும் அமைப்பின் எண்ணிலிருந்தே நிகழ வேண்டும். மாணவிகளை நேர்காணும்போது பெண் உறுப்பினர் ஒருவர் உடனிருக்க வேண்டும். புகார் அளிக்க வேண்டியவரின் பெயரும் எண்ணும் விண்ணப்பப் படிவத்திலேயே அச்சிடப்பட வேண்டும்.

பெரிய மாதிரிக் காசோலையை ஏந்தி நிற்கும் மாணவரின் படம் நன்கொடையாளரை மகிழ்விக்கலாம். அதே படம் வகுப்பறையில் அவரை ‘உதவி வாங்கியவர்’ என்று அடையாளம் காட்டும். ஒப்புதல் கேட்டே படம் எடுக்கிறோம் என்பது போதிய விடை ஆகாது. பணம் தருபவரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லும் நிலையில் மாணவர் இல்லை. படம் தர மறுத்தாலும் தொகை கிடைக்கும் என்பதை எழுத்தில் உறுதிப்படுத்திய பிறகு பெறும் ஒப்புதலே ஒப்புதல்.

தன்னார்வலர் ஏற்க வேண்டிய உறுதிமொழி

மேலே கூறியவற்றை ஒரு பக்கத்தில் சுருக்கி, பணி தொடங்கும் முன் ஒவ்வொரு மதிப்பீட்டாளரிடமும் கையொப்பம் பெறலாம்.

1. எனக்கு உறவோ நட்போ பகையோ உள்ளவரின் விண்ணப்பத்தை அறிவித்துவிட்டு விலகுவேன். அது குறித்து எவரிடமும் பேச மாட்டேன்.

2. எழுதப்பட்ட அளவுகோலின்படி மட்டுமே மதிப்பெண் இடுவேன். ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் ஒரு வரியில் காரணம் எழுதுவேன்.

3. ஐயங்களைப் பொறுப்பாளரிடம் எழுத்தில் தெரிவிப்பேன். நானே விசாரணையில் இறங்க மாட்டேன்.

4. விண்ணப்பதாரரின் விவரங்களைக் குழுவுக்கு வெளியே பகிர மாட்டேன்; பணி முடிந்ததும் நகல்களை அழிப்பேன்.

5. சட்டப்படி தெரிவிக்க வேண்டிய ஆபத்தை அறிந்தால் அன்றே பொறுப்பாளரிடம் தெரிவித்து, காவல் துறைக்குத் தகவல் சென்று சேர்வதை உறுதி செய்வேன்.

6. விண்ணப்பதாரரையும் பெற்றோரையும் மரியாதையுடன் விளிப்பேன். சாதி, மதம், திருமணம், குடும்பச் சிக்கல் குறித்துத் தேவையற்ற கேள்வி கேட்க மாட்டேன்.

7. தனிப்பட்ட முறையில் தொடர்புகொள்ள மாட்டேன். எந்தக் கைம்மாறும் எதிர்பார்க்க மாட்டேன்.

8. ஒப்புக்கொண்ட நாளுக்குள் பணியை முடிப்பேன். இயலாதெனில் உடனே தெரிவிப்பேன்.

இவ்விதிகள் நேர்மையானவர்களை அவமதிப்பதாகச் சிலர் வருந்தக் கூடும். உண்மையில் இவை நேர்மையானவர்களுக்குத்தான் முதலில் பயன்படுகின்றன. தெரிந்தவர் பரிந்துரையுடன் வரும்போது ‘விதி இடம் தரவில்லை’ என்று சொல்ல அவர்களுக்கு ஒரு பிடி கிடைக்கிறது. தேர்வு குறித்துக் குற்றச்சாட்டு எழும்போது காட்டுவதற்கு ஓர் ஆவணம் கிடைக்கிறது. மாணவருக்குக் கிடைப்பது அதனினும் மேலானது. தேர்வானவர், தான் எவருடைய தயவாலும் வரவில்லை என்று அறிகிறார். தேர்வாகாதவர், தன்னை எவரும் ஏமாற்றவில்லை என்று நம்பி அடுத்த ஆண்டும் விண்ணப்பிக்கிறார். நம் அமைப்புகளிடம் பணம் என்றும் குறைவாகவே இருக்கும். இருப்பதை நியாயமாகப் பங்கிட்டோம் என்று கணக்குக் காட்ட முடிவது நம் கையில்தான் இருக்கிறது.